மாத்திரை கேட்குமா என்று மூளை அலை சொல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

மனச்சோர்வு மருந்து ஒருவருக்குக் கேட்குமா என்பதை இ.இ.ஜி. (தலையில் முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளை எடுப்பது) பதிவையும், தரவிலிருந்து கணினி தானே கற்கும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து முன்கூட்டியே கணிக்கும் முயற்சிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

என் தம்பிக்கு 28 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. எடுத்து ஆறு வாரம் ஆகிறது. பெரிய மாற்றம் இல்லை. தலையில் வயர் வைத்து ‘பிரெய்ன் மேப்பிங்’ எடுத்தால் எந்த மாத்திரை கேட்கும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்கிறார்கள் ஒரு மையத்தில். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தை மனநல மருத்துவரின் அடுத்த சில சந்திப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மையத்தார் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. மனச்சோர்வு மருந்துகளில் எது யாருக்குக் கேட்கும் என்பது கொடுத்துப் பார்த்துத்தான் தெரிகிறது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி ஆய்வின் முதல் கட்டத்தில் 2,876 பேருக்கு சிட்டாலோபிராம் கொடுத்தார்கள். 2006-இல் வெளியான கணக்கின்படி, அறிகுறிகள் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் 47 சதவீதம். அறிகுறிகள் ஏறக்குறைய முழுதாக விலகியவர்கள் 28 சதவீதம். மற்றவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டும், மாற்ற வேண்டும், அல்லது இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருப்பு. இதைக் குறைக்க முடியுமா என்றுதான், ‘பிரெய்ன் மேப்பிங்’ என்று அந்த மையம் சொல்லும் இ.இ.ஜி.யை வைத்துப் பலர் முயல்கிறார்கள்.

முயற்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? 2019-இல் அலிக் விட்ஜும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த 76 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை கேட்டவர்களில் 72 சதவீதம் பேரையும், கேட்காதவர்களில் 68 சதவீதம் பேரையும் இ.இ.ஜி. சராசரியாகச் சரியாகப் பிரித்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. இதையே 100 பேர் மேல் போட்டுப் பாருங்கள். 47 பேருக்கு மருந்து கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் 34 பேரைக் கணினி ‘கேட்கும்’ என்று சரியாகச் சொல்லும். கேட்காத 53 பேரில் 17 பேரையும் ‘கேட்கும்’ பக்கத்தில் தள்ளிவிடும். ஆக, ‘கேட்கும்’ என்று சீட்டு வாங்கிய 51 பேரில் 17 பேருக்கு ஏமாற்றம். ‘கேட்காது’ என்று சொல்லப்பட்ட 49 பேரில் 13 பேருக்கு அதே மாத்திரை உண்மையில் கேட்டிருக்கும். அவர்கள் நல்ல மருந்தைத் தொடாமலே கைவிடுவார்கள். இந்த 72, 68 என்ற எண்களே கொஞ்சம் ஊதியவைதான், ஏனென்றால் தோற்றுப்போன ஆய்வுகள் பல அச்சேறவில்லை என்பதற்கான தடயமும் அந்தத் தொகுப்பில் கிடைத்தது. சிகிச்சையைத் தீர்மானிக்க இதை நம்ப முடியாது என்றுதான் அவர்கள் முடித்தார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். 10 மி.கி. என்பது பொதுவாகத் தொடங்கும் அளவு. 20 வரை கூட்ட இடம் உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் போகும்போது நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை தவறுகிறது, மது உண்டா, தைராய்டு ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தது, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்த காலம் முன்பு எப்போதாவது உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். ஆம் என்றால் அது இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம், சிகிச்சையே வேறு. மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வலிப்பு போன்ற சந்தேகத்துக்காக மருத்துவரே இ.இ.ஜி. எடுக்கச் சொன்னால் அது வேறு. தயங்காமல் எடுங்கள்.

தலைக்கு மேலே அளக்கும் மின் அலைக்கும் வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு? இதில் இயற்பியல் ஏதாவது இருக்கிறதா, வெறும் புள்ளிவிவர வித்தையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இரண்டும் இருக்கிறது ஐயா. 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து பதிவு செய்தது முதல் இன்றுவரை நாம் அளப்பது ஒன்றைத்தான்: மூளைப் புறணியில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது மண்டையோட்டைத் தாண்டி வெளியே கசியும் சில பத்து மைக்ரோவோல்ட் மின்னழுத்தம். அதை அலைவெண் வாரியாகப் பிரிக்கிறோம்: 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 தீட்டா, 8 முதல் 13 ஆல்ஃபா, 13 முதல் 30 பீட்டா.

கணிப்புக்கு உதவும் என்று நெடுநாளாகச் சொல்லப்படுபவை மூன்று. ஒன்று, நெற்றிப்பகுதி ஆல்ஃபாவின் இட-வல வேறுபாடு. தலையின் முன்பக்கம் வலத்தில் எஃப்4, இடத்தில் எஃப்3 என்ற இரு புள்ளிகளின் ஆல்ஃபா திறனை மடக்கையாக்கி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். 1,008 நோயாளிகளைச் சேர்த்த ஐஸ்பாட்-டி ஆய்வில், வலப்பக்க ஆல்ஃபா கூடுதலாக இருந்த பெண்களுக்கு எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ரலின் என்ற இரு மனச்சோர்வு மருந்துகளும் நன்றாகக் கேட்டன. ஆண்களிடம் அந்தத் தொடர்பு இல்லை, வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மருந்துக்கும் இல்லை. இரண்டாவது, சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்துக்குள் நெற்றிப்பகுதி அலைகள் எப்படி மாறுகின்றன என்பது; லாஸ் ஏஞ்சலீஸில் லியூக்டர் குழுவினர் இதன்மேல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள்.

மூன்றாவதுதான் கதையைத் திருப்பியது. முன்மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியில் தீட்டா அதிகம் உள்ளவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது பலமுறை உறுதியான கண்டுபிடிப்பு. எம்பார்க் என்ற அமெரிக்க ஆய்வில் ஒரு சாராருக்குச் செர்ட்ரலினும் மறு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2018-இல் பிட்சகாலி குழுவினர் வெளியிட்ட முடிவு: தீட்டா அதிகம் உள்ளவர்கள் தேறினார்கள், ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களும் அதே போலத் தேறினார்கள். அதாவது அந்த அலை ‘இவர் குணமாவார்’ என்கிறது; ‘இந்த மருந்தால் குணமாவார்’ என்று சொல்லவில்லை. மருந்தைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது வாக்கியம்தான் தேவை. போலி மாத்திரைக் குழுவோ ஒப்பிட வேறொரு மருந்துக் குழுவோ இல்லாத எந்த ஆய்வும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. இது தெரிந்தால் செய்தித்தாளில் வரும் பாதித் தலைப்புகளை நீங்களே வடிகட்டிவிடலாம்.

நான் இ.இ.ஜி. டெக்னீஷியன். எங்கள் மருத்துவமனையில் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஓர் ஆய்வுக்காகப் பதிவு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலிப்புக்கு எடுப்பதிலிருந்து இதில் என்ன மாறும்?
– மதுரை வாசகர்

நிறைய மாறும். வலிப்புக்கு ஒரு கூர்முனை அலை கண்ணில் பட்டால் போதும். இங்கே கணினி 10 சதவீதத் திறன் வித்தியாசத்தைக்கூட எண்ணிப் பார்க்கும். உங்கள் கையில் விட்ட பிழையை எந்த அல்காரிதமும் திருத்தாது.

முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்: தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும், எண்ணெய் கூடாது, வழக்கம்போலத் தூங்கி வர வேண்டும். வலிப்புக்கு வருபவர்களைத் தூக்கம் விழித்து வரச் சொல்லும் பழக்கத்தில் இவர்களையும் அப்படி வரச் சொல்லிவிடாதீர்கள். அரைத்தூக்கத்தில் ஆல்ஃபா கரைந்து தீட்டா ஏறும். தீட்டாவைத்தானே அளக்கப்போகிறோம்! எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையே தடை ஏறி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். 19 எலக்ட்ரோடுகளிலும் தடை 5 கிலோ-ஓமுக்குக் கீழே இருக்கட்டும். எஃப்3 இரண்டிலும் எஃப்4 ஒன்பதிலும் நின்றால் இட-வல வேறுபாட்டை அளப்பதில் அர்த்தமே இல்லை.

வரிசை முக்கியம். கண் திறந்து 2 நிமிடம், மூடி 2 நிமிடம் என்று மாற்றி மாற்றி மொத்தம் 8 நிமிடம் ஓய்வுநிலைப் பதிவை முதலில் முடியுங்கள். வேகமாக மூச்சு வாங்கச் சொல்வதும் ஒளி மின்னல் காட்டுவதும் அதற்குப் பிறகுதான். அவை முன்னால் வந்தால் ஓய்வுநிலை கெட்டுவிடும். கண் திறக்கும்போதும் மூடும்போதும் மார்க்கர் தட்டுங்கள். கண் திறந்திருக்கையில் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். இமைப்பின் அலை நெற்றியில் உள்ள எஃப்பி1, எஃப்பி2-இல் டெல்டாவாகவும் தீட்டாவாகவும் கலந்து நிற்கும். பல்லைக் கடித்தால் காதுக்கு மேலே உள்ள டி3, டி4-இல் பீட்டா போல வேடம் போடும். வியர்த்தால் அடிக்கோடு மெதுவாக ஆடும், அதனால் ஏ.சி. ஓடட்டும்.

பிறகு மருந்துப் பட்டியல். மனச்சோர்வு மாத்திரையோடு, பதற்றம் தணிக்கும் குளோனாசிபாம் சேர்த்து எழுதுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அது பீட்டாவைத் தெளிவாக ஏற்றும். எத்தனை மி.கி., கடைசியாக எத்தனை மணிக்கு என்று எழுதாமல் விட்டால், பின்னால் கணினி கண்டுபிடிப்பது நோயாளியின் மூளையை அல்ல, முந்தின இரவு போட்ட மாத்திரையைத்தான்.

கோப்பை ஃபில்டர் போடாத மூல வடிவில், இ.டி.எஃப். (இ.இ.ஜி.க்கான பொதுக் கோப்பு வடிவம்) ஆகச் சேமியுங்கள். எந்த ரெஃபரன்ஸில் (மற்ற முனைகளை ஒப்பிட்டு அளக்கும் புள்ளி) எடுத்தது என்பதைக் குறித்து வையுங்கள். காதுக்குப் பின்னுள்ள எலும்பு ரெஃபரன்ஸும் சராசரி ரெஃபரன்ஸும் ஒரே தலையில் வேறு வேறு ஆல்ஃபா வேறுபாட்டைக் காட்டும். ரிப்போர்ட்டின் பி.டி.எஃப். மட்டும் எஞ்சியிருந்தால் ஆய்வுக்கு அது உதவாது.

ஆன்லைனில் விற்கும் தலைப்பட்டை இ.இ.ஜி. வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா?
– சென்னை வாசகர்

பார்க்கலாம், தியானம் பழக. பெரும்பாலானவற்றில் நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என்று நான்கு முனைகள்தான். ஆய்வுகள் அளந்த எஃப்3, எஃப்4 முடிக்குள் இருக்கின்றன. பட்டை அங்கே தொடுவதே இல்லை.

எம்.டெக். புராஜெக்ட்டுக்காக ஒரு மருத்துவமனையிலிருந்து 40 நோயாளிகளின் சிகிச்சைக்கு முந்தைய இ.இ.ஜி. கிடைத்தது. 22 பேருக்கு மருந்து கேட்டது, 18 பேருக்குக் கேட்கவில்லை. ஆளுக்கு 5 நிமிடம். 2 விநாடித் துண்டுகளாக வெட்டி, 80-20 எனப் பிரித்து, நியூரல் நெட்வொர்க்கில் 98.6 சதவீதம் வந்தது. கைடு நம்ப மறுக்கிறார். எங்கே தவறு?
– மாணவி, கோயம்புத்தூர்

‘80-20 எனப் பிரித்து’ என்ற இடத்தில். உங்கள் கைடு சரியாகவே முகர்ந்திருக்கிறார்.

ஆளுக்கு 150 துண்டு, மொத்தம் 6,000 துண்டு. அதைக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் 120 துண்டு பயிற்சியிலும் மீதி 30 துண்டு சோதனையிலும் விழும். ஒவ்வொருவரின் இ.இ.ஜி.யும் கைரேகை போலத் தனித்துவமானது. ஆல்ஃபா உச்சம் எங்கே, மண்டையோடு எவ்வளவு தடிப்பு, அன்று எந்த எலக்ட்ரோடு தளர்வு என்று எல்லாம் பதிந்திருக்கும். உங்கள் நெட்வொர்க் ‘இது ஏழாம் நம்பர் ஆள், ஏழாம் நம்பருக்குக் கேட்டது’ என்று மனப்பாடம் செய்திருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்; உங்களிடம் 40 பானைதான் இருக்கிறது, 6,000 பானை இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். 40 பேரின் விடைகளையும் ஆள் வாரியாகக் குலுக்கி மாற்றுங்கள். யாருக்குக் கேட்டது என்பதே இப்போது கற்பனை. அதே 80-20 முறையில் மறுபடி ஓட்டுங்கள். சோதனை ஆட்களின் விடை பயிற்சிக்குள் கசிந்திருந்தால் இப்போதும் 90-க்கு மேல் வரும். பொய் விடையையும் அதே தெளிவோடு ‘கணிக்கும்’ மாடலை என்ன செய்வது?

சரியான வழி: பிரிப்பது ஆள் அடிப்படையில். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் குரூப் கே-ஃபோல்டு என்று இருக்கிறது. குரூப் என்ற இடத்தில் நோயாளி எண்ணைக் கொடுங்கள். சிறந்த அம்சங்களைத் தேர்ந்தெடுப்பது, சராசரியைக் கழித்துச் சீராக்குவது, மாடலின் அமைப்பு எண்களை (ஹைப்பர்-பாராமீட்டர்) தேடுவது ஆகிய மூன்றும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம் எனக் குறுக்குச் சோதனையை அடுக்குங்கள். 40 பேரையும் வைத்து ‘நல்ல பத்து அம்சங்களை’ முதலிலேயே பொறுக்கிவிட்டுப் பிறகு பிரிப்பதும் கசிவுதான். ஆய்வேடுகளில் அதிகம் ஒளிந்திருப்பது இதுதான். துண்டுக் கசிவை இப்போது ஆய்வேட்டை மதிப்பிடுபவர்கள் பிடித்துவிடுகிறார்கள், இதைப் பிடிப்பதில்லை.

நியூரல் நெட்வொர்க்கையும் விட்டுவிடுங்கள். 19 எலக்ட்ரோடு, 4 அலைப்பட்டை, கண் திறந்தும் மூடியும் என்றால் 152 எண்கள் ஆகிவிடுகின்றன. ஆட்கள் 40 பேர்தான். 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, இமைப்பை, கலந்த அலைகளைப் பிரிக்கும் ஐ.சி.ஏ. மூலம் நீக்கி, 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளை எறிந்துவிட்டு, வெல்ச் முறையில் அலைவெண் வாரியாகத் திறனைக் கணக்கிட்டு மடக்கை எடுங்கள். ஆள் ஒன்றுக்கு ஒரே வரிசை எண்கள். அதன் மேல் ரிட்ஜ் அல்லது எலாஸ்டிக்-நெட் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய மாடல் போதும். கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ‘கேட்கும்’ என்று சொன்னாலே 55 சதவீதம் வரும். அதோடுதான் ஒப்பிட வேண்டும். விடைகளை 1,000 முறை குலுக்கி உங்கள் எண் அதில் எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள்.

பெரும்பாலும் 60-க்கு அக்கம்பக்கம் வரும். அதையே எழுதுங்கள். 75 வந்தாலும், 40 பேர் என்பதால் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 62 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம்.

விடையையும் ஒருமுறை பாருங்கள். மனச்சோர்வின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் ஹாமில்டன் அளவுகோலில் 50 சதவீதம் குறைந்தால் ‘கேட்டது’ என்பது வழக்கம். 20-லிருந்து 10-க்கு வந்தவர் ஒரு பக்கம், 11-க்கு வந்தவர் மறு பக்கம். மதிப்பிடுபவர் மாறினாலே அந்த ஒரு புள்ளி மாறிவிடும். இயன்றால் ஆம்-இல்லை என்று வெட்டாமல், எத்தனை புள்ளி குறைந்தது என்பதையே கணியுங்கள். பாதியில் சிகிச்சையை விட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய டேட்டா வேண்டுமென்றால் நெதர்லாந்தின் டிடி-பிரெய்ன் தொகுப்பு இருக்கிறது: 1,274 பேர், 26 சேனல். ஆனால் நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் பிரித்துக் காட்டும் டேட்டாவை எடுத்து ‘சிகிச்சைக் கணிப்பு’ என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். அது வேறு கேள்வி.

2020-இல் கனடாவின் கேன்-பைண்ட் ஆய்விலிருந்து வந்த கட்டுரையில் 122 பேரிடம் எஸ்சிட்டாலோபிராம் பலனை 79.2 சதவீதம் கணித்ததாகப் படித்தேன். இரண்டாம் வார இ.இ.ஜி.யையும் சேர்த்தால் 82.4. பிறகும் ஏன் வார்டுக்கு வரவில்லை?
– மருத்துவ மாணவர், யாழ்ப்பாணம்

அந்த 79.2-ஐப் பிரித்துப் பாருங்கள். மருந்து கேட்டவர்களில் 67.3 சதவீதம் பேரை, கேட்காதவர்களில் 91 சதவீதம் பேரைச் சரியாகச் சொன்னது. கேட்டவர்களில் மூன்றில் ஒருவரை ‘கேட்காது’ என்று தள்ளியிருக்கிறது. எஸ்சிட்டாலோபிராம் மலிவான, ஓரளவு பாதுகாப்பான முதல் மருந்து. மூன்றில் ஒருவரிடமிருந்து அதைப் பறிக்க எந்த மருத்துவரும் யோசிப்பார். போலி மாத்திரைக் குழுவும் அதில் இல்லை. தஞ்சாவூர் ஆசிரியருக்குச் சொன்ன சிக்கல் அப்படியே பொருந்தும்.

அந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது அதே 2020-இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்த வூ, எட்கின் குழுவின் வேலை. எம்பார்க்கின் 309 பேர் பதிவு. எந்த எலக்ட்ரோடுகளை எந்த விகிதத்தில் கலப்பது, எந்தத் திறனை எடுப்பது என்பதை முன்பே தீர்மானிக்காமல், அறிகுறிக் குறைவோடு சேர்த்தே கற்கும் செல்சர் என்ற முறை. செர்ட்ரலின் பலனைப் போலி மாத்திரை பலனிலிருந்து தனித்துக் கணித்தது. ஒரு மையத்தை விட்டுவிட்டு மற்றவற்றில் பயிற்சி கொடுத்தாலும், மையங்களில் இ.இ.ஜி. கருவிகள் வேறுபட்டிருந்தும் நின்றது. இந்தத் துறையில் இதுவரை வந்ததில் வடிவமைப்பில் உறுதியானது இதுதான் என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் அது ஏற்கெனவே முடிந்த ஆய்வின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்த வேலை.

எச்சரிக்கைக்கு இன்னொரு காரணம் 2024 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வந்தது. செக்ரவுட் குழுவினர் மனச்சிதைவு மருந்துகளின் ஐந்து பன்னாட்டுச் சோதனைகளை எடுத்து, ஒன்றில் பயின்ற மாடலை மற்றதில் ஓட்டினார்கள். சொந்த வீட்டில் நன்றாகக் கணித்த மாடல்கள் வெளியே போனதும் நாணயம் சுண்டுவதைவிட மேலாக இல்லை. அது இ.இ.ஜி. ஆய்வு அல்ல, ஆனால் பாடம் இ.இ.ஜி.க்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். கருவி, ரெஃபரன்ஸ், 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற மின்சாரம் வரை நாட்டுக்கு நாடு மாறுகிறதே.

அடுத்து, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2009-இல் செகெடி குழுவினர் 41 சோதனைகளின் 6,562 நோயாளிகளைத் தொகுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஹாமில்டன் மதிப்பெண் 20 சதவீதமாவது குறையாதவர்கள், அதே மருந்தில் பின்னால் நிலையாகத் தேறுவது அரிது. இதை அறிய ஒரு தாளும் பதினைந்து இருபது நிமிடமும் போதும். ஆகவே இரண்டாம் வார இ.இ.ஜி.யைக் கேட்கும் எந்த முறையும் அந்தத் தாளை வெல்ல வேண்டும். கட்டுரையைப் படிக்கும்போது வயது, பால், நோயின் தீவிரம், இரண்டாம் வார மதிப்பெண் ஆகியவற்றை மட்டும் வைத்த எளிய மாடல் என்ன கொடுத்தது என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத கட்டுரைகளே அதிகம்.

வார்டுக்கு வர வேண்டுமானால் சோதனை இப்படி இருக்க வேண்டும்: மாடலைப் பூட்டி வைத்துவிட்டு, புதிய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இ.இ.ஜி. சொன்ன மருந்து, மறு பாதிக்கு மருத்துவர் வழக்கமாகத் தரும் மருந்து. எட்டாம் வாரத்தில் மதிப்பெண் போடுபவருக்கு யார் எந்தப் பாதி என்பது தெரியக் கூடாது. முதல் பாதியில் எத்தனை பேர் கூடுதலாகத் தேறினார்கள் என்பதே விடை. அந்த எண்ணைத் தரும் கட்டுரை வந்தால், 79-ஐயும் 82-ஐயும் பார்க்கவே தேவையில்லை.